முப்பத்தொன்றாம் பக்கத்து வட்டங்கள்

இருபத்தெட்டு வருடங்களில் அவர் கையில் ஏறக்குறைய முப்பது லட்சம் சட்டைகள் ஏறி இறங்கியிருக்கின்றன. தனக்கென்று வாங்கிக்கொண்டவை இருபதைத் தாண்டாது. அந்த இருபதிலும் குறை இருந்தது. தெரிந்தேதான் போட்டுக்கொண்டார். குறையில்லாத சட்டை வெளியே போகும், குறையுள்ள மனிதர்கள் உள்ளே இருப்பார்கள் என்பது அந்தத் தொழிற்சாலையின் எழுதப்படாத கொள்கை.

அவருடையது கடைசி மேஜை. தலைக்கு மேல் மூன்று குழல்விளக்கு. காலர், கைப்பட்டை, பை, காஜா, பொத்தான், பக்கத் தையல், அடி மடிப்பு என்று ஒரு சட்டைக்கு ஏழு பார்வை. ஏழுக்கும் சேர்த்து ஒன்றேகால் நிமிடம். எங்கே குறையோ அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். அதனால் அவருக்குத் தொழிற்சாலையில் ‘அம்பு’ என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது, அதைக் கணக்குப் பிரிவைத் தவிர யாரும் உபயோகித்ததில்லை.

நாள் முடிவில் ஒரு படிவம் எழுதவேண்டும். வரிசை எண், குறை இருக்கும் இடம், குறையின் வகை, குறிப்பு. அதை மேலே அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது. அம்பு ஒட்டிய சட்டைக்கு அப்புறம் என்ன ஆகிறது என்று இருபத்தெட்டு வருடத்தில் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே பழகிவிட்டதால் வந்த வினையைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும். மனைவி முன்னால், மகள் அடுத்து, மனைவியின் தம்பி அதற்கும் பின்னால், துணிப்பையுடன் அம்பு கடைசியில். யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பார்ப்பவர்கள் ஏதோ துக்க வீட்டுக்குப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். போவது நூலகத்துக்கு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

முதலில் சின்ன நூலகம். குடிநீர் வாரிய அலுவலகத்தின் மாடியில், இருபத்திரண்டு இரும்புப் படிகளுக்கு மேல், ஒரே அறை. ஒரு மின்விசிறி, ஒரு உதவியாளர். இரண்டில் எது மெதுவாகச் சுற்றும் என்று சொல்வது கடினம். அப்புறம் பேருந்து நிலையத்தைத் தாண்டிப் பெரிய நூலகம். இரண்டு மாடி, ஒன்பதாயிரம் புத்தகம், ‘அமைதி காக்கவும்’ என்று பதினான்கு பலகை.

வாசிப்பவள் மனைவி மட்டும்தான். மகள் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருப்பவள்; எதையும் ஊடுருவிப் பார்த்துவிட்டு மேலே பேச ஒன்றுமில்லை என்ற முகத்தோடு இருப்பாள். பத்திரிகை புரட்டுவாள். தம்பி வீடு வீடாக மின்விசிறி மாட்டுகிறவர், கல்யாணம் ஆகாதவர், செய்தித்தாள் மேஜையில் தலைசாய்த்துத் தூங்குவதற்கென்றே வருகிறவர்.

“வீட்டுல தூங்கினா என்னடா?” என்று அக்காள் ஒருமுறை கேட்டாள்.

“வீட்டுல சத்தம் போட்டா நான்தான் எழுந்து திட்டணும்க்கா. இங்க திட்டுறதுக்குன்னு சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்காங்க.”

அம்பு எதையும் வாசித்ததில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்கிறவர்களின் காலரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய நூலகத்துக்கு வழக்கமாக வருகிற பதினேழு பேரில் பன்னிரண்டு பேருக்குக் காலர் கோணல் என்பது அவர் முடிவு. மீதி ஐந்து பேர் பனியன் போடுகிறவர்கள்.

மனைவிக்கு ஒரு பழக்கம் இருந்தது. நூலகத்தில் பழைய புத்தகங்களையெல்லாம் ஒரே காவி அட்டையில் கட்டி வைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் காதல் கதையும் கணிதமும் ஒன்றுபோல் இருக்கும். ஒரே துப்பறியும் நாவலை அவள் மூன்று தடவை எடுத்துவந்துவிட்டாள். மூன்றாம் தடவை தொண்ணூறாம் பக்கத்தில்தான், கொலை செய்தது தோட்டக்காரன் என்று தனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது தெரிந்தது. அன்றிலிருந்து பென்சில் எடுத்தாள்.

“முப்பது பக்கம் நான் மரியாதை குடுப்பேன். அதுக்கு மேல அது எனக்குக் குடுக்கணும்” என்பாள். முப்பது பக்கம் தாண்டாத புத்தகம் அப்படியே திரும்பிப்போகும். தாண்டி முடித்த புத்தகத்தில் முப்பத்தொன்றாம் பக்கத்தில், பக்க எண்ணுக்குக் கீழே, மிளகு அளவுக்கு ஒரு வட்டம் போடுவாள். இன்னொரு தடவை படிக்கவேண்டும் என்று தோன்றினால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. வீம்புக்குப் படித்து முடித்துவிட்டு ஏன் படித்தோம் என்று நொந்தால் உள்ளே ஒரு பெருக்கல் குறி.

இந்த விஷயத்தில் கணவன் மனைவிக்குள் ஒரே ஒருமுறை வாக்குவாதம் நடந்தது.

“பொதுச் சொத்துல கிறுக்குறியே, அது தப்பில்லையா?”

“நீங்க சட்டைச் சட்டையா அம்பு ஒட்டுறீங்களே. அது யாரு சொத்து?”

“அது வேலை.”

“இதுவும் வேலைதான். சம்பளம் இல்ல, அவ்வளவுதான்.”

அம்பு வாயை மூடிக்கொண்டார். வாயை மூடிக்கொள்வதில் அவருக்கு நல்ல அனுபவம் உண்டு.

அவள் பதினோரு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். முதல் நாலு நாள் வீட்டில், மீதி ஏழு நாள் மருத்துவமனையில். எட்டாம் நாள், வீட்டில் இருக்கிற இரண்டு புத்தகத்துக்கும் தேதி முடிகிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கணவரிடம் சொன்னாள். அதுதான் அவள் முழுசாகச் சொன்ன கடைசி வாக்கியம். உலகத்தில் எத்தனையோ பேர் கடைசியாக எதையெதையோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். இவள் தவணைத் தேதியைச் சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, மகளுக்கு ஒரு எண்ணம் வந்தது. அம்மாவின் கையெழுத்தில் ஏதாவது ஒன்று வேண்டும். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். அம்மாவுக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரிசைப்படி பெயர் கூப்பிடுகிற வேலை. எழுதவேண்டியதையெல்லாம் கம்ப்யூட்டர் எழுதிவிடும். வீட்டுச் சாமான் பட்டியலைத் தம்பிக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவாள். படங்களிலும் அவள் இல்லை. எடுத்ததெல்லாம் அவள்தான். கிடைத்தது மகளின் தடுப்பூசி அட்டையில் ஒரு கையெழுத்து. அதுவும் தண்ணீர் பட்டு, மை ஊறி, கையெழுத்தா கறையா என்று அம்பே தடுமாறும் நிலையில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மூன்று பேரும் கிளம்பினார்கள். போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. முன்னால் நடக்க ஆள் இல்லாததால் தெருமுனை வரைக்கும் மூன்று பேரும் பின்னாலேயே நடந்தார்கள்.

பெரிய நூலகத்தில் அம்புவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. எதிரிலிருந்த அலமாரியில் ஒரு காவிப் புத்தகத்தை உருவி, சட்டையை விரிக்கிற மாதிரி நடுவில் விரித்தார். பிறகு ஏனோ பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளி முப்பத்தொன்றுக்கு வந்தார்.

வட்டம் இருந்தது. உள்ளே புள்ளி.

மகளைக் கையாட்டிக் கூப்பிட்டார். அவள் வந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“அம்மாதான்” என்றாள்.

“வேற யாராவது போட்டிருக்கலாமில்ல?”

“வட்டத்தை முடிக்கிற இடத்துல லேசா தாண்டி இழுத்திருக்கா பாருங்க. சாவி மாட்டுற கொக்கி மாதிரி. வேற யாரு இப்படி அவசரப்படுவா.”

அன்று ஆரம்பித்தது. பெரிய நூலகத்தின் முதல் அலமாரி முதல் தட்டு முதல் புத்தகத்திலிருந்து, ஒன்றுவிடாமல், முப்பத்தொன்றாம் பக்கத்தை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தார். சட்டைக்கு ஏழு பார்வை பார்க்கிறவருக்குப் புத்தகத்துக்கு ஒரு பார்வை என்பது ஓய்வு மாதிரி. இருந்தாலும் பதினோரு மாதம் ஆனது. ஒன்பதாயிரம் புத்தகத்தில் நானூற்றுப் பன்னிரண்டில் அவள் இருந்தாள். வெறும் வட்டம் முந்நூற்று நாற்பது. புள்ளி வைத்தது ஐம்பத்தொன்று. பெருக்கல் குறி இருபத்தொன்று.

நடுவில் அவர் வாசிக்கவும் தொடங்கியிருந்தார். புள்ளி வைத்தவற்றை மட்டும். மறுபடி படிக்கவேண்டும் என்று அவள் நினைத்து, படிக்க முடியாமல் போனவை அல்லவா. ஒரு வரியை மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு விடுவார். பதினோரு மாதத்தில் மூன்று புத்தகம் முடித்திருந்தார்.

“இந்த வேகத்துல ஐம்பத்தொன்னையும் முடிக்க உங்களுக்குப் பதினேழு வருஷம் ஆகும்பா” என்றாள் மகள்.

“ஆகட்டுமே” என்றார். ஒரு வருடமாக அந்த வீட்டில் யாரும் எதிர்காலத்தைப் பற்றிப் பேசியிருக்கவில்லை. அவர் கையில் இப்போது பதினேழு வருடம் இருந்தது.

இங்கேதான் அவர் புத்தியைக் காட்டினார். வாசகர்கள் புத்தகத்தை எடுத்த இடத்தில் வைப்பதில்லை. இந்த நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று தோன்றியது. நூலகரிடம் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதற்கு முன்னால் பட்டியல் வேண்டும். பட்டியல் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பட்டியல்தான். தொழிற்சாலையிலிருந்து பதினெட்டு வெற்றுப் படிவங்களைக் கேட்டு வாங்கி வந்தார். வரிசை எண். புத்தகத்தின் பதிவு எண். குறை இருக்கும் இடம்: பக்கம் 31, அடிப்பகுதி, நடு. குறையின் வகை: வட்டம், புள்ளி, பெருக்கல். கீழே தேதியோடு கையெழுத்து. இரண்டு வாரம் உட்கார்ந்து அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். மேலே ஒரு கடிதம் வைத்தார். “இத்துடன் இணைத்துள்ள பட்டியலில் கண்ட 412 புத்தகங்களில் குறிகள் உள்ளன. ஆவன செய்யவும்.” அதற்குமேல் எழுதக் கூச்சமாக இருந்தது. மனைவி, அலமாரி போன்ற விவரங்களை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அன்றைக்கு நூலகர் கூட்டத்தில் இருந்தார். உறையை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

பெரிய நூலகத்துக்கு வந்திருந்த நூலகர் புதியவர். ஆறு வாரத்தில் தணிக்கை. முன்பிருந்தவர் விட்டுப்போனது ஒரு உடைந்த நாற்காலியும், ‘சிதைந்த நூல்கள் விவரம்’ என்ற தலைப்பிட்ட ஒரு வெற்றுக் கோப்பும்தான். ஒன்பதாயிரம் புத்தகத்தையும் புரட்டிச் சேதம் கண்டுபிடிக்க ஆள் இல்லாமல் அந்த அம்மாள் இரவெல்லாம் தவித்துக்கொண்டிருந்தபோது, மேஜைமேல் அந்த உறை இருந்தது. பிரித்துப் பார்த்தார். பதிவு எண் உண்டு. பக்க எண் உண்டு. குறையின் வகை உண்டு. பொறுப்பாகக் கையெழுத்தும் உண்டு. பத்துப் புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்தார். பத்தும் சரி. ஒரு வாசகர் தானாக முன்வந்து இப்படி ஒரு அறிக்கை கொடுத்தார் என்றால் துறையில் யாரும் நம்பமாட்டார்கள்.

தூங்குமூஞ்சி அதிகாரி ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் உறை இன்றைக்கும் இழுப்பறையில் இருந்திருக்கும். அம்புவின் கெட்ட நேரம், வேலை செய்கிற அதிகாரியிடம் மாட்டிக்கொண்டார். ஆறே நாளில் ஆவன செய்யப்பட்டது.

மறு ஞாயிறு அவர்கள் உள்ளே நுழைந்தபோது அலமாரிகள் பல் விழுந்த வாய்போல் இருந்தன. அம்பு அடுத்து வாசிக்கவேண்டிய நாலாவது புத்தகத்தைத் தேடினார். இல்லை. ஐந்தாவதும் இல்லை. பின்னறைக் கதவு திறந்திருந்தது. அங்கே தரையில், சணல் கயிற்றில் கட்டிய கட்டுகள். ஒவ்வொரு கட்டின் மேலும் அவருடைய படிவம் ஒட்டப்பட்டு, ‘கழிவுக்கு’ என்று முத்திரை விழுந்திருந்தது. அவர் கையெழுத்தின் மேலேயே விழுந்திருந்தது.

நூலகர் அவரைப் பார்த்து எழுந்து நின்றார். அப்படி ஒருவர் தனக்காக எழுந்து நிற்பது அம்புவுக்கு முதல் அனுபவம்.

“நீங்கதானா சார் அது? உக்காருங்க. எவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்கீங்க தெரியுமா.”

“இதையெல்லாம் ஏன் கட்டி வெச்சிருக்கீங்க மேடம்?”

“வாசகர் எழுதி, கிறுக்கின புத்தகம் அலமாரியில இருக்கக்கூடாது சார். விதி. அடுத்த திங்கக்கிழமை வண்டி வரும், காகித ஆலைக்குப் போயிடும்.”

“கூழாக்கவா?” என்று கேட்டாள் மகள்.

“ஆமாம்மா.”

தம்பிதான் வாயைத் திறந்தார். “நாங்க எடுத்துக்கறோமே மேடம். எப்படியும் தூக்கிப் போடுறதுதானே.”

“வெளியாளுக்குக் குடுக்கக் கூடாதுங்க. அதுவும் விதி.” அவர் குரலைத் தாழ்த்தினார். “யாரு இப்படிப் பண்ணியிருப்பாங்கன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்? எல்லாம் ஒரே கை. ஒரு ஆள் வேலைதான்.”

அம்பு தரையைப் பார்த்தார். பிறகு, குறை கண்ட இடத்தில் அம்பு ஒட்டியே பழகியவர், அதையும் சொல்லிவிட்டார்.

“என் வீட்டுக்காரங்க.”

நூலகருக்கு முகம் மாறியது. கோபம் இல்லை, சங்கடம். சொந்த மனைவியையே புகார் செய்த மனிதரை அவர் அதுவரை பார்த்ததில்லை. “பென்சில்தானே சார். பெரிய தப்பு ஒண்ணும் இல்ல. அவங்கள வரச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து அழிச்சிக் குடுத்துட்டா, சுத்தமாயிடுச்சுன்னு எழுதித் திரும்ப அடுக்கிடலாம். அதுக்கு வழி இருக்கு.”

“அவங்க வரமாட்டாங்க மேடம்” என்றாள் மகள். “போன வருஷம் போயிட்டாங்க.”

நூலகர் உட்கார்ந்தார். ‘அமைதி காக்கவும்’ பலகைக்குக் கீழே நாலு பேரும் சிறிது நேரம் அமைதி காத்தார்கள்.

“மன்னிச்சிடும்மா” என்றார் கடைசியில். கொஞ்சம் பொறுத்து, வேறு வழி தெரியாமல், “அப்ப நீங்களே அழிங்க” என்றார்.

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பாடு ஆறிப்போனது. தம்பிதான் யோசனை மேல் யோசனையாகச் சொன்னார். பத்துப் புத்தகத்தைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்துவிடலாம் என்றார்.

“உன் தொப்பைக்கு ஒண்ணுகூட உள்ள போகாது மாமா” என்றாள் மகள்.

எல்லா வட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். மகள் ஏற்கெனவே பின்னறையில் ஒன்றை எடுத்துப் பார்த்திருந்தாள். காட்டினாள். வெள்ளைத்தாளில் ஒரு பூஜ்யம். அம்மாவும் இல்லை, புத்தகமும் இல்லை.

“எங்க வேலையில இப்படித்தான் மாமா. படத்துல எலும்பு இருக்கும், ஆள் இருக்கமாட்டாங்க.”

“அழிக்கவேண்டாம்” என்று தம்பி திடீரென்று சொன்னார். “போகட்டும். அக்கா போட்டது போட்டபடி போகட்டும். அழிச்சுட்டு அந்தப் புத்தகத்தை வெச்சு நாம என்ன பண்றது?”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“அவ ஒரு புத்தகத்தைக்கூட லேட்டாக் குடுத்ததில்ல” என்றார். “ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே தேதி சொன்னவ. இப்ப அவ படிச்சாங்கிறதுக்காகவே நானூத்திப் பன்னெண்டு புத்தகத்தைக் கூழாக்கப்போறாங்க. காரணம் அவ வட்டம். அதைக் காட்டிக்குடுத்தது நான். வட்டம் இருந்து புத்தகம் போனா, அவ படிச்சதே தப்புன்னு ஆயிடும்.”

மாலை தம்பி போய் மூன்று ரப்பர் வாங்கி வந்தார்.

திங்கள் முதல் தினமும் வேலை முடிந்து ஐந்தரைக்கு மூவரும் பின்னறைக்குப் போனார்கள். ஏழு மணிக்கு நூலகம் மூடும்வரை அழித்தார்கள். அம்புவுக்கு அந்த வேலை வரவில்லை. இருபத்தெட்டு வருடமாகக் குறியிட்ட கை அது. தொழிற்சாலையில் கறை எடுக்க வேறு ஆள், தனி மேஜை உண்டு. முதல் புத்தகத்திலேயே அழுத்தித் தேய்த்து முப்பத்தொன்றாம் பக்கத்தைக் கிழித்துவிட்டார். ஒரு குற்றமும் செய்யாத அந்தப் புத்தகம் உண்மையாகவே சிதைந்து, உரிய மரியாதையோடு கழிவுக் கட்டுக்குப் போனது. அது புள்ளி வைத்தது. அதன்பிறகு அழிப்பது மகள், ஊதுவது தம்பி, பார்த்து எடுத்துக் கொடுப்பது அம்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை பெருக்கல் குறிப் புத்தகங்கள் வந்தன. தம்பி ரப்பரைக் கீழே வைத்தார்.

“அக்காவே ஆகாதுன்னு தள்ளின சனியன் இதெல்லாம். இதுக்கு நாம ஏன் கைவலிக்கணும்? வண்டியில ஏத்திவிடுங்க அத்தான். அக்கா சந்தோஷப்படுவா.”

“முழுசாப் படிச்சிருக்காளேடா” என்றார் அம்பு.

“திட்டிக்கிட்டே படிச்சா.”

“என்கூடவும் அப்படித்தான் இருந்தா. என்னையும் வண்டியில ஏத்திவிடுறியா?”

தம்பி ரப்பரை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை கடைசி வட்டம். மகள் அதை உடனே அழிக்கவில்லை. வட்டத்தின் முடிவில் தாண்டி இழுத்திருந்த அந்தச் சின்ன வாலை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். பிறகு வேலைக்காரி மாதிரி சுறுசுறுப்பாக நாலே இழுப்பில் முடித்தாள். மேஜை முழுக்க ரப்பர் துகள். தம்பி ஊதுவதற்குக் குனிந்தவர், ஊதாமல், உள்ளங்கையால் ஒதுக்கிக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவர் கால்மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

ஞாயிறு காலை நூலகர் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதாக இருந்தார். பத்துப் புத்தகம் பார்த்ததும் கண் வலித்தது. “நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார், உங்க கண்ணை நான் நம்புறேன்” என்றார். அம்பு நானூற்றுப் பதினொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பென்சில் அழுத்திய தடமாவது எங்கேயாவது இருக்கும் என்று தேடினார். ஒரு முழ தூரத்திலிருந்து ஒற்றைத் தையல் விட்டதைக் கண்டுபிடிக்கிற கண். எதுவும் தெரியவில்லை. அவள் அவ்வளவு லேசாக எழுதியிருந்தாள். பொதுச் சொத்து என்ற நினைப்பு அவளுக்கும் இருந்திருக்கிறது.

‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற படிவத்தில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். புத்தகங்கள் அலமாரிக்குத் திரும்பின. அவருடைய பழைய பட்டியலைக் கேட்டார். அது கட்டுகளிலிருந்து பிரிக்கப்பட்டு, தணிக்கைக் கோப்போடு தலைமை அலுவலகம் போய்விட்டது என்றார்கள். பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. தொழிற்சாலையில் சட்டை சரிபார்க்கிற செக்கர் பிரதி வைத்துக்கொள்வது வழக்கமில்லை. நானூற்றுப் பதினொன்றும் ஒன்பதாயிரத்துக்குள் இறங்கிக் கலந்துவிட்டன. அவர் வாசித்து முடித்த மூன்றையும் மட்டும் அட்டை தேய்ந்திருந்த விதத்தை வைத்து அடையாளம் காண முடிந்தது. பதினேழு வருடத்தில் ஒரு வருடம் கழிந்து, மீதிப் பதினாறும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று தெரியாமல் போயின.

தணிக்கை அமோகமாக முடிந்தது. இரண்டு மாதம் கழித்து அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. ‘பொறுப்புள்ள வாசகர்’ என்று போட்டிருந்தது. வாழ்நாளில் மூன்று புத்தகம் வாசித்த மனிதருக்கு அப்படி ஒரு கடிதம் கிடைப்பது பெரிய விஷயம். மகள் அதைப் படித்துவிட்டு மடித்துத் தம்பியிடம் கொடுத்தாள். தம்பி படிக்காமலே மடித்து மகளிடம் கொடுத்தார்.

அதற்கடுத்த ஞாயிறு சின்ன நூலகத்தின் இருபத்திரண்டு படி ஏறியபோது, எப்போதும் பாதிக் கண் திறந்திருக்கும் உதவியாளர் முழுக்கண்ணோடு காத்திருந்தார்.

“வாங்க சார், உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அடுத்த மாசம் எங்களுக்குத் தணிக்கை. பெரிய நூலகத்துல பிரமாதமா ஒரு லிஸ்ட் குடுத்தீங்களாமே. எங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்களேன். ஆயிரத்தி முந்நூறு புத்தகம்தான். உங்களுக்கு அது ஒரு மாசத்து வேலை.” அவர் ஒரு படிவத்தையும் நீட்டினார்.

மகள் பத்திரிகையிலிருந்து தலை நிமிர்த்தினாள். தம்பிக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

சின்ன நூலகத்தில் அவர்கள் யாரும் முப்பத்தொன்றாம் பக்கத்தை இதுவரை பார்த்ததில்லை. பெரியதை முடித்துவிட்டு இங்கே வரலாம் என்று அம்பு நினைத்திருந்தார். இங்கே எத்தனை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நூறு இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அவர் அலமாரிகளைப் பார்த்தார். எட்டே எட்டு அலமாரி. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு காவிப் புத்தகம் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அவரால் எழுதாமல் இருக்கமுடியாது. முப்பது லட்சம் சட்டையில் ஒரு குறையைக்கூடப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டவரில்லை.

அவர் படிவத்தை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“நான் பாத்துட்டேன்” என்றார்.

“எப்ப சார்?”

“வாராவாரம் வரேனே. அப்பப்பப் பாத்துட்டேன்.”

“ஆயிரத்தி முந்நூறும்?”

“ஆயிரத்தி முந்நூறும்.”

குறையின் வகை என்ற இடத்தில் ‘எதுவும் இல்லை’ என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணியது. கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார். உதவியாளருக்கு அதைவிட நல்ல செய்தி இருக்கமுடியாது. படிவத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, பழையபடி பாதிக் கண்ணுக்குத் திரும்பினார்.

அதன்பிறகு அந்தக் குடும்பம் பெரிய நூலகத்துக்குப் போவதில்லை. சின்னதற்கு மட்டும் போகிறார்கள். வாரம் இரண்டு புத்தகம் எடுக்கிறார்கள். வாசிப்பது மகள். அப்பா எதிரில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில வாரம் முப்பது பக்கம் தாண்டியதும் அவள் அடுத்த பக்கம் திருப்பாமல் அப்படியே நின்றுவிடுவாள். என்ன என்று அவர் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.